வெற்றுத் தோட்டா

‘புல்’ என்று கூவ வேண்டும்.
இங்கிலீசில் இழு என்று அர்த்தமாம்.
எனக்கு ஒவ்வொரு முறையும் அது புல்தான்,
கிளப் வேலியோரம்
பனியில் நனைந்து படுத்திருக்கும் வெறும் புல்.
கூவியதும் பங்கருக்குள் நடராசா பொத்தானை அழுத்துவார்.
ஆரஞ்சு மண்தட்டு
பள்ளத்தாக்கின் மேலே சீறிக் கிளம்பும்.

போன மார்கழி வரை
உடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு
விரல் கேட்கவில்லை.
தட்டு ஏறுகிறது, வளைகிறது,
தேயிலைச் சரிவில் முழுசாய்ப் போய் இறங்குகிறது.
நான் மட்டும் ஓரடி முன்னே தள்ளாடி
யாரோ பிடரியில் தட்டியதுபோல்
குனிந்து நிற்கிறேன்.
சுடவே இல்லை.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை.
கணக்கப்பிள்ளை சிவஞானம்
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார்.
எனக்கு இருள்வது கண்ணேதான், ஐயா.
வெடிக்கும் முன்பே இமை இறங்கிவிடுகிறது.
கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
குரலைத் தாழ்த்திக்கொண்டு
எண்பத்து மூன்றில் எங்கே இருந்தீர்கள் என்றார்.
பிறக்கவில்லை என்றேன்.
ஏமாந்துபோனார்.

உண்மை சின்னது.
கிளப்பின் பழைய துவக்கு என் கைக்கு நீளம்.
மூன்று மாதம் கன்னத்தில் குத்தியது.
உடம்பு கணக்கு வைத்துக்கொண்டது,
நான் மடுவத்தில் கொழுந்து நிறுத்து எழுதுவதுபோல.
ஆனால் ஒரு கிராம்கூடக் கழிக்காமல்.

ரிஸ்வானா டிக்கோயாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.
என்னைவிட நன்றாகச் சுடுவாள்,
என்னைவிட மோசமாகச் சமைப்பாள்.
ஆகாயத்தைப் பார் என்றாள்.
நான் பார்த்துக்கொண்டிருக்க
நல்ல தோட்டாவையோ சுட்ட கோதையோ
தன் இஷ்டத்துக்கு உள்ளே போட்டு மூடினாள்.
எதுவென்று சொல்லமாட்டாள்.
கசப்பு மாத்திரை தரும்போது வைத்திருக்கும் அதே முகம்.

புல்.
க்ளிக்.

அந்தச் சின்ன க்ளிக்குக்கு
இடுப்பு வரை வளைந்துவிட்டேன்.
வராத ஒன்றுக்கு
அவ்வளவு பெரிய கும்பிடு.
பங்கருக்குள் நடராசா சிரிப்பது கேட்டது.
எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்,
பிறகு மெதுவாய் ஓர் ஆவல்:
இத்தனை நாளும் யாருக்குக் குனிந்தேன்?

பெரியதுரையின் பெயர் போனில் எழும்போது
எடுக்குமுன்னே தோள் இறங்குமே,
அதுவும் இதுதானோ.
சரி, அது இன்றைக்கு வேண்டாம்.

மாசி முழுக்க அப்படியே.
கோது, கோது, தோட்டா, கோது.
காதுக்குள் பஞ்சு, அதன்மேல் கவசம்.
பாரம் குறைந்த தோட்டா.
தோளுக்கு ஒரு திண்டு, ரிஸ்வானா தைத்தது, கோணல்.
மூட்டம் இறங்கிவிட்டால் தட்டு இல்லை.
வெறும் துவக்கோடு
அந்த வெள்ளையைக் குறிபார்த்து நிற்பேன்,
கண்ணை மூடாமலிருக்கப் பழக.
மூட்டம் தாராளமான இலக்கு.
எங்கே பார்த்தாலும் படும்.

நேற்றுக் காலை வெயில்.
புல்.
தட்டைப் பார்க்காதே, முன்விளிம்பைப் பார் என்பார்கள்.
பார்த்தேன்.
விளிம்பில் ஒரு கறுப்புக் கீறல்,
அது சுழல்வதுகூடத் தெரிந்தது.
அவ்வளவு நேரம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது?
விரல் எப்போது போனதென்று தெரியாது.
தட்டிருந்த இடத்தில் ஆரஞ்சுத் தூள்.
அதிர்வு தோள்வரை வந்தது,
கடன் கேட்க வந்து
கேட்காமலே திரும்புகிறவரைப்போல் போனது.

அடுத்ததற்கு மறுபடி குனிந்தேன்.
இருபத்தைந்தில் பதினான்கு.
ரிஸ்வானா பதினெட்டு. அதைச் சொல்லாமல் விடுவாளா.

இன்று பகல் மடுவத்தில்
செல்வமேரி பையைக் கொட்டியபோது
கொழுந்துக்கு நடுவே
நகமளவு ஆரஞ்சுத் துண்டு.
சுட்டு உடைந்ததோ, விழுந்து உடைந்ததோ,
துண்டில் எழுதியில்லை.
அவள் எடுத்து என் மேசையில் வைத்தாள்.
“இதுக்கும் எங்க நிறுவையில கழிப்பீங்களா, மிஸ்?”

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.
என் இமை இறங்கியது.
தராசு முள் ஆடிக்கொண்டிருந்தது.
பின்னால் இருபது பேர் பையோடு.

நிமிர்ந்து
அவள் முகத்தைப் பார்த்து
இல்லை என்றேன்.
முழுசாய் எழுதினேன்.